பார்த்தது, கேட்டது, தாளில் படித்தது: துறைமுக அறிக்கைகளில் நான் கற்ற ஆங்கிலம்

கப்பலில் வந்த சரக்கு நனைந்தோ கிழிந்தோ எண்ணிக்கை குறைந்தோ வந்து சேர்ந்தால், சேதத்தை நேரில் பார்த்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதித் தருவது சர்வேயரின் தொழில். மண்ணடியில் உள்ள அப்படியோர் அலுவலகத்தில், இளைய சர்வேயர்கள் எழுதிவரும் வரைவுகளைத் திருத்தி வெளியே அனுப்பும் பொறுப்பில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள். ஜீரோ கேட் முதல் எண்ணூர் நெடுஞ்சாலை நெடுக டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால், கன்டெய்னரும் கிரேனும் அவர்களுக்குப் புதிதல்ல. ஆங்கில இலக்கணத்திலும் அவர்கள் பெரிதாகத் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் வருவது, ஒரு தகவலை வாக்கியத்துக்குள் எப்படிக் கொண்டுவந்து நிறுத்துவது என்ற இடத்தில்தான்.

இது நடைக்கு மெருகேற்றும் விஷயம் அல்ல. எங்கள் அறிக்கையைப் படிக்கப்போகிற காப்பீட்டு நிறுவனத்தாரும் கப்பல் நிறுவனத்தாரும் வழக்கறிஞர்களும் சரக்கைப் பார்த்ததில்லை, பெரும்பாலும் பார்க்கப்போவதுமில்லை. அவர்கள் கையில் இருப்பது எங்கள் வாக்கியம் ஒன்றே. அந்த வாக்கியத்தில் சொல்லப்படும் தகவலுக்கு யார் பொறுப்பு, சர்வேயர் தம் கண்ணால் கண்டாரா, கப்பலில் யாரோ சொல்லக் கேட்டாரா, ஏதேனும் ஆவணத்தில் படித்தாரா, அல்லது எல்லாவற்றையும் வைத்துத் தாமே ஊகித்தாரா என்பதை வாக்கியத்தின் முதல் நான்கைந்து சொற்களிலேயே அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 'வீ நோட்டட் தட்' என்று தொடங்கினால் நாங்கள் பார்த்தோம். 'வீ வேர் இன்ஃபார்ம்டு பை தி சீஃப் ஆஃபீஸர் தட்' என்றால் கப்பலின் தலைமை அதிகாரி சொன்னார். 'அக்கார்டிங் டு தி டெக் லாக் புக்' என்றால் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. 'இன் அவர் ஒபினியன்' என்றால் எங்கள் முடிவு. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதக் கற்பதில் பாதி, இந்த நான்கையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுதக் கற்பதுதான்.

தமிழில் இந்த வேறுபாடு நமக்குத் தெரியாததல்ல. 'கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தது' என்றால் பார்த்தவன் சொல்கிறான். 'புகுந்ததாம்' என்றால் கேட்டவன் சொல்கிறான். வினையின் வாலில் ஓர் 'ஆம்' ஒட்டிக்கொண்டால் போதும், பொறுப்பு கைமாறிவிடுகிறது. ஆங்கில வினைக்கு அப்படி ஒரு வால் இல்லாததால், பொறுப்பாளியை முன்கூட்டியே, வாக்கியத்தின் தலையிலேயே, சொல்லிவிடுவது அங்கே வழக்கம். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் நம் பிள்ளைகளுக்கு அந்த 'ஆம்' கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. அப்போது அவர்கள் கைக்கு எட்டுவது 'இட் சீம்ஸ்'.

'ஹி இஸ் நாட் வெல், இட் சீம்ஸ்' என்று சென்னையில் யார் சொன்னாலும், அவருக்கு உடம்பு சரியில்லையாம் என்று நாம் புரிந்துகொள்கிறோம். தென்னிந்தியாவுக்கு வெளியே இருக்கும் வாசகரோ அதை வேறு விதமாக எடுத்துக்கொள்வார். அவருக்கு 'இட் சீம்ஸ்' என்பது கேள்விப்பட்ட செய்தியன்று; எழுதியவர் அடையாளங்களைப் பார்த்து வந்தடைந்த ஊகம். காசிமேட்டுப் பையன் ஒருவன் எழுதிய வரைவில் 'தி ஹேட்ச் கவர் வாஸ் லீக்கிங், இட் சீம்ஸ்' என்றிருந்தது. ஹேட்ச் கவர் என்பது சரக்கு அறையை மூடும் இரும்பு மூடி. அது கசிந்தது என்று ஒரு சர்வேயர் கருதுவது கப்பல் நிறுவனத்துக்கு எதிரான கனமான கூற்று. அவனைக் கூப்பிட்டு, "மூடி கசிஞ்சதை நீ பாத்தியாப்பா?" என்று கேட்டேன். "இல்ல சார், இறக்குற ஆளுங்க பேசிக்கிட்டாங்க" என்றான். அவன் எழுத நினைத்தது 'கசிந்ததாம்'. படிப்பவர் வாசிக்கப்போவது 'கசிந்திருக்கும் என்று கருதுகிறேன்'. வாக்கியத்தை 'தி ஸ்டீவடோர்ஸ் இன்ஃபார்ம்டு அஸ் தட்' என்று தொடங்க வைத்ததும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்கே விளங்கியது. சரக்கு இறக்கும் தொழிலாளர்கள் சொன்னதை வைத்து மட்டும் விட முடியாது. மூடியின் ரப்பர் பட்டையை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வாக்கியத்தைச் சரியாகத் தொடங்கினால் விடுபட்ட வேலை எதுவென்று தெரிந்துவிடும் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் இதற்கு வெள்ளி நைட்ரேட் சோதனையைப் போல இன்னொரு நல்ல பாடம் இல்லை. நனைந்த மூட்டையை நனைத்தது கடல்நீரா மழைநீரா என்று அறிய, ஈரமான இடத்தில் இந்தக் கரைசலைச் சொட்டுவோம். அங்கே குளோரைடு இருந்தால் சொட்டிய இடம் பால் கலந்ததுபோல் வெளுக்கும். இல்லாவிட்டால் தெளிவாகவே இருக்கும். (கரைசல் விரலில் பட்டால் கறுத்துப்போய்ச் சில நாள் போகாது. புதிதாகச் சேர்ந்தவர்களை அந்தக் கறையை வைத்தே அடையாளம் காணலாம்.) வெளுத்ததைப் பார்த்த உற்சாகத்தில் இளைஞர்கள் எழுதுவது: 'இட் இஸ் எ ஃபேக்ட் தட் சீ வாட்டர் என்டர்ட் தி ஹோல்டு.' கடல்நீர் உள்ளே புகுந்தது உண்மை என்கிறார்கள். அவர்கள் பார்த்ததோ வெண்மை மட்டும். வெண்மை காட்டுவது குளோரைடை; குளோரைடு கடலிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவிவிட்ட மீஞ்சூர், திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஓர் உப்பு போர் தண்ணீரால் கிடங்குத் தரையைக் கழுவி, அந்த ஈரத்தில் மூட்டையை அடுக்கினாலும் சொட்டு வெளுக்கத்தான் செய்யும். சில சரக்குகளிலேயே இயல்பாகக் குளோரைடு இருக்கும். பொட்டாஷ் உரத்தின் பெரும்பகுதி பொட்டாசியம் குளோரைடுதானே.

ஆகவே அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் மூன்றாகப் பிரிப்போம். முதலாவது, பார்த்தது: கிழிந்த மூட்டைகளின் ஈரத்தில் சோதனை செய்தோம், வெண்ணிற விளைவு தெரிந்தது. இரண்டாவது, அது எதைச் சுட்டுகிறது: 'திஸ் இண்டிகேட்ஸ் தி பிரசென்ஸ் ஆஃப் குளோரைட்ஸ்.' மூன்றாவது, மூடியின் பட்டை கிழிந்திருந்தது, அதன் நேர்கீழே இருந்த மூட்டைகளே நனைந்திருந்தன, கப்பல் பதிவேட்டின்படி வழியில் பியூஃபோர்ட் அளவில் 8 என்ற கடுங்காற்று வீசியது ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்கையில், கடல்நீர் புகுந்திருப்பதே எங்கள் கருத்தில் பெரிதும் சாத்தியமானது. முதல் வாக்கியத்தை எவராலும் மறுக்க முடியாது. மூன்றாவதோடு யாரேனும் மாறுபட்டாலும் முதலிரண்டும் அசையாமல் நிற்கும். எல்லாவற்றையும் 'இட் இஸ் எ ஃபேக்ட் தட்' என்ற ஒரே மூட்டையில் கட்டினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் போர் தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டு முழு மூட்டையையும் அவிழ்த்துவிடுவார்.

பிறர் சொன்னதை எழுதும்போது எந்த வினையைப் பயன்படுத்துகிறோம் என்பதில் இன்னும் கவனம் தேவை. 'ஸ்டேட்டட்' என்பது சார்பில்லாத சொல்: அவர் சொன்னார், அவ்வளவுதான். 'க்ளெய்ம்டு' என்றதும் எழுதுபவருக்கு அதில் நம்பிக்கை குறைவு என்ற வாடை வந்துவிடுகிறது. 'அலெஜ்டு' என்றால் அது இன்னும் நிறுவப்படாத குற்றச்சாட்டு. 'அட்மிட்டட்' என்றால் சொன்னவர் தவறை ஒப்புக்கொண்டார் என்று பொருள். 'பாயிண்டட் அவுட்', 'ரிவீல்டு' போன்றவை மறுபக்கம் சாய்பவை. சொல்லப்பட்டது உண்மையென்று எழுதுபவரும் ஏற்றுக்கொண்டதாகக் காட்டுபவை. கப்பலின் தலைமை அதிகாரி, "காற்றோட்டத் திறப்புகளை இரண்டு நாள் மூடி வைத்திருந்தோம்" என்று இயல்பாகச் சொன்னதை ஓர் இளைஞர் 'அட்மிட்டட்' என்று எழுதியிருந்தார். கடல் கொந்தளிக்கும்போது திறப்புகளை மூடுவதே முறை. அந்த அதிகாரி தம் கடமையைச் செய்ததைத்தான் சொன்னார். ஒரே வினைச்சொல் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கும். எந்தச் சொல் பொருந்தும் என்று ஐயம் வந்தால் 'ஸ்டேட்டட்' அல்லது 'இன்ஃபார்ம்டு' என்று எழுதிவிட்டுப் போகலாம். அடுத்தடுத்த வாக்கியங்களில் அதே சொல் வந்தாலும் குறையில்லை. பள்ளியில் கட்டுரைக்கு வேண்டுமானால் சொல்லை மாற்றி மாற்றி எழுதுவது அழகாக இருக்கலாம். இங்கே ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பொருள் மாற்றமாகத்தான் படிப்பார்கள்.

'ரிப்போர்ட்டட்லி' என்ற சொல்லை நான் கூடுமானவரை அடித்துவிடுவேன். கேள்விப்பட்டது என்று சொல்லிவிட்டு யாரிடம் என்பதை மறைக்கும் சொல் அது. பெயர் வேண்டாம், பதவியாவது இருக்கட்டும். 'இட் வாஸ் ஃபவுண்டு தட்' என்ற தொடரும் இதே இனம். கண்டறியப்பட்டது என்றால் யாரால்? நம்மூர்ச் செய்திக் குறிப்புகளைப் படித்துப் பழகிய கைக்குச் செயப்பாட்டு வினை ஒரு மரியாதை போலத் தோன்றுகிறது. சர்வேயர் தாமே கண்டுபிடித்ததை 'வீ ஃபவுண்டு' என்று எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆவணங்களுக்கு வருவோம். 'அஸ் பெர்' என்பது நம் அலுவலகங்களின் செல்லப்பிள்ளை. ஒப்பந்தம், உத்தரவு, விதி ஆகியவற்றின்படி ஒன்று செய்யப்பட்டது என்னும்போது அது பொருத்தமே. ஆனால் 'அஸ் பெர் தி கேப்டன்' என்று மனிதருக்குப் போடுவது பொருந்தாது. அங்கே 'அக்கார்டிங் டு' வேண்டும். அந்த 'அக்கார்டிங் டு'வும் எழுதுபவரைத் தள்ளி நிறுத்தும் சொல். அது அவர் கூற்று, என் கூற்றன்று என்பதே அதன் உட்பொருள். நம்மில் பலர் சொல்லும் 'அக்கார்டிங் டு மீ' வெளியார் காதுக்கு விநோதமாக ஒலிப்பது அதனால்தான்: தன்னையே தள்ளி நின்று யார் மேற்கோள் காட்டுவார்கள்?

ஆவணம் தன் பொறுப்பை எப்படி எல்லை கட்டுகிறது என்பதற்குப் பில் ஆஃப் லேடிங்கைவிடச் சிறந்த பாடப்புத்தகம் இல்லை. சரக்கை ஏற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் அந்தத் தாளில், கன்டெய்னர் சரக்கு என்றால் 'செட் டு கன்டெய்ன்' என்ற மூன்று சொற்களைப் பெரும்பாலும் காணலாம். கன்டெய்னருக்குள் 400 அட்டைப்பெட்டிகள் இருப்பதாக அனுப்பியவர் சொல்கிறார், பூட்டி சீல் வைத்த பிறகே அது எங்கள் கைக்கு வந்தது, நாங்கள் எண்ணவில்லை. இவ்வளவையும் அந்த மூன்று சொற்கள் சொல்லிவிடுகின்றன. அதே தாளில் 'இன் அப்பரென்ட் குட் ஆர்டர் அண்ட் கண்டிஷன்' என்றும் இருக்கும். இங்கே 'அப்பரென்ட்' என்பது வெளிப்பார்வைக்குத் தெரிந்தவரை என்ற பழைய, உறுதியான பொருளில் வருகிறது. அன்றாட ஆங்கிலத்தில் 'அப்பரென்ட்லி' என்று வாக்கியத்தைத் தொடங்கினால் அதற்குக் கேள்விப்பட்டேன் என்றும் பொருள் வரும், அப்படித் தோன்றுகிறது என்றும் பொருள் வரும். இந்த இரட்டைத்தன்மைக்காகவே அறிக்கையில் அதற்கு இடமில்லை. கடல்வழிச் சரக்குக்குக் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்க 1924-இல் பிரஸ்ஸல்ஸில் உருவான ஹேக் விதிகள் என்ற பன்னாட்டு விதிகள், பில் ஆஃப் லேடிங்கை முதல்நிலைச் சான்றாக, அதாவது மறுத்து நிரூபிக்கப்படும்வரை செல்லுபடியாகும் சான்றாக, ஏற்கின்றன. இந்தியா அவற்றை 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஏற்றுக்கொண்டது; 2025-இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்திருக்கிறது. ஆவணத்தில் இருப்பதை நாங்கள் எடுத்தெழுதும்போது, இந்தக் காப்புச் சொற்களையும் சேர்த்தே எழுத வேண்டும். '400 பெட்டிகள் ஏற்றப்பட்டன' என்று சுருக்கினால், கப்பல் நிறுவனமே சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணித்தவர்கள் ஆகிறோம்.

'தி ஃபேக்ட் தட்' என்ற தொடரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட கையேட்டில், இத்தொடரை எந்த வாக்கியத்தில் கண்டாலும் திருத்தி நீக்கிவிட வேண்டும் என்கிறார். அவர் சொல்வதில் முக்கால் பங்கை ஏற்கிறேன். 'ட்யூ டு தி ஃபேக்ட் தட்' என்பதற்கு 'பிகாஸ்' போதும்; 'இன் ஸ்பைட் ஆஃப் தி ஃபேக்ட் தட்' என்பதற்கு 'ஆல்தோ' போதும். ஆனால் ஒரு முழு நிகழ்வையே எழுவாயாக வைத்து, அதிலிருந்து எது பெறப்படும், எது பெறப்படாது என்று பேச வேண்டிய இடத்தில் இந்தத் தொடருக்கு மாற்று இல்லை. 'தி ஃபேக்ட் தட் தி சீல் வாஸ் இன்டாக்ட் டஸ் நாட் ரூல் அவுட் பில்ஃபரேஜ்': சீல் உடையாமல் இருந்தது என்பதால் மட்டும் திருட்டு நடக்கவில்லை என்று ஆகிவிடாது. கதவின் கைப்பிடியைப் பிணைக்கும் ஆணியைக் கழற்றி, சீலைத் தொடாமலே கதவைத் திறந்து மூடும் வித்தை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சீல் உடையவில்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை. வேறுபாடு அதன் விளைவில்தான். அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றை முன்னால் நிறுத்திவிட்டு மேலே பேசுவதற்கென்றே ஏற்பட்டது இத்தொடர். இதிலிருந்து ஒரு எச்சரிக்கையும் கிடைக்கிறது: ஒரு தரப்பு மறுக்கிற ஒன்றுக்கு 'தி ஃபேக்ட் தட்' போட்டால், வழக்கை நாமே தீர்ப்பளித்து முடித்ததாகிவிடும்.

மற்ற அலங்காரங்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 'இட் இஸ் பெர்டினன்ட் டு மென்ஷன் ஹியர் தட்', 'ப்ளீஸ் நோட் தட்', 'நீட்லெஸ் டு சே' மூன்றையும் அடித்தால் வாக்கியம் ஒன்றையும் இழப்பதில்லை. சொல்லத் தேவையில்லை என்றால் ஏன் சொல்கிறோம்? நம் பேச்சில் மூச்சுக்கு மூச்சு வரும் 'ஆக்சுவலி' எழுத்தில் கொஞ்சம் ஆபத்தானது. 'ஆக்சுவலி, தி கார்கோ வாஸ் டிஸ்சார்ஜ்டு ஆன் தி ஃபோர்ட்டீன்த்' என்று ஒரு கப்பல் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினால், நீங்கள் நினைத்தது தப்பு என்று அவர்களைத் திருத்துவதுபோல் ஒலிக்கும். 'இன் ஃபேக்ட்' முந்தைய வாக்கியத்தை வலுப்படுத்தவோ மறுக்கவோ வருவது. முந்தைய வாக்கியமே இல்லாத இடத்தில் அதைக்கொண்டு தொடங்குவதில் பொருளில்லை.

இவை எங்கள் தொழிலுக்கு மட்டும் உரியவை என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுக் கட்டுரையைக் காட்டினாள். 'இட் இஸ் எ வெல்-நோன் ஃபேக்ட் தட்' என்று தொடங்கியிருந்தது. எண்ணூர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்ததுதான். கட்டுரையை மதிப்பிடப்போகும் ஆசிரியருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அங்கிள்?" என்றாள். "தெரியாதவங்களுக்குத்தானேம்மா எழுதுறோம்" என்றேன். தொடக்கத்தை எடுத்துவிட்டு, ஆண்டும் மாதமும் இடமும் சொல்லி நேரடியாகத் தொடங்கச் சொன்னேன். பிறகு கட்டுரை முழுவதும் அவளே பென்சிலால் குறித்தாள்: படகுகளின் அடிப்பாகத்தில் அவள் பார்த்த கறுப்புப் படிவு ஒரு குறி, மீனவர்கள் தங்கள் வலைகளைப் பற்றி அவளிடம் சொன்னது இன்னொரு குறி, அரசு அறிக்கையில் இருந்தது வேறொரு குறி. எந்தக் குறியும் விழாத வாக்கியங்கள் சில மிஞ்சின. அவற்றுக்கு ஆதாரம் தேடி எழுது, இல்லாவிட்டால் நீக்கிவிடு என்றேன். இரண்டை நீக்கினாள், மற்றவற்றுக்கு நாளிதழ்ச் செய்திகளைத் தேடி எடுத்து, 'அக்கார்டிங் டு' போட்டு நாளிதழின் பெயரும் தேதியும் சேர்த்தாள்.

அலுவலகத்திலும் அதே பென்சில் முறையைத்தான் இப்போது புதியவர்களுக்குத் தருகிறேன். வரைவை அச்சிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் 'பா', 'கே', 'தா', 'ஊ' என்று ஓர் எழுத்துப் போட வேண்டும்: பார்த்தது, கேட்டது, தாளில் படித்தது, ஊகித்தது. ஒரே வாக்கியத்துக்கு இரண்டு எழுத்து வந்தால் அதைப் பிரித்து எழுத வேண்டும். 'ஊ' போட்ட வாக்கியம் 'பா' போட்ட வாக்கியங்களுக்கு நடுவே ஒளிந்திருந்தால், அதைத் தூக்கிக் கருத்துப் பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். 'கே' போட்ட இடத்தில் சொன்னவரின் பதவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் அறிக்கையின் அடியில் 'இஷ்யூட் வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று ஒரு வரி வழக்கமாக வரும். எந்தத் தரப்பின் உரிமைக்கும் பங்கம் இல்லாமல் வழங்கப்படுகிறது என்று அதற்குப் பொருள். சில இளைஞர்கள் இதை ஒரு குடையாக நினைத்துக்கொண்டு, மேலே எதை எழுதினாலும் கீழே இந்த வரி காப்பாற்றும் என்று நம்புகிறார்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய வாக்கியத்தை அந்த வரி காப்பாற்றாது. குறுக்கு விசாரணையில் முதல் பக்கத்திலிருந்துதான் கேள்விகள் தொடங்கும்.